ஆட்டுக்கென்று வாங்கிய கடன்: பீகாரில் எட்டு நாட்கள்

ஜனவரி 9, 2024, செவ்வாய்: ரயிலில்

காலையில் பாட்னாவை அடுத்த தானாபூரில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியபோது இரவு எட்டேகால். முகல்சராய்க்குப் பிறகு (பெயர் மாறி ஐந்தாறு ஆண்டுகளாகியும் பெட்டியில் ஒருவர்கூட புதுப்பெயரைச் சொல்லவில்லை) ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைத் தவிர எதுவும் இல்லை. வண்டி பத்து நிமிடம் ஊர்ந்தது, அரை மணி நின்றது. மதியத்துக்கு மேல் தின்பண்டம் விற்க எவரும் ஏறவில்லை. நான் பிஸ்கட் பொட்டலத்தை எண்ணி எண்ணித் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர் இருக்கை அம்மாள், எதுவும் கேட்காமல், வறுத்த கொண்டைக்கடலை மாவான சத்துவை அடைத்துச் சுட்ட ரொட்டிகள் இரண்டை ஊறுகாயோடு ஒரு செய்தித்தாளில் வைத்து நீட்டினார். மறுத்தால் வருத்தப்படுவார் போலிருந்தது; மறுக்கும் நிலையில் நானும் இல்லை.

இந்தப் பயணத்தின் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து, அதில் ஏழு ஆண்டுகளைத் தருமபுரிப் பக்கம் மகளிர் குழுக்களுக்குக் கடன் எழுதுவதில் கழித்தவன் நான். அந்தக் குழுக்கள் 1989இல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் கொடுத்த பணத்தில்தான் அங்கே தொடங்கின என்பது, நான் அந்தக் கிளைக்குப் போய் இரண்டு ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரியும்; குழுவில் இருந்த பெண்களுக்கோ கடைசிவரை தெரியாது. வெளிநாட்டுப் பணம் ஓர் ஊருக்குள் வந்து போன பிறகு அங்கே என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி ஓய்வுபெற்ற பிறகும் என்னை விடவில்லை. பீகாரில் பயிற்சி வேலை பார்க்கும் பழைய நண்பர் ஒருவர் வந்து பாருங்கள் என்றார். ஜனவரியில் வராதீர்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

ஜனவரி 10, புதன்: பாட்னா

குளிருக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். விடுதியில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் பெருமூச்சு மட்டும் வந்தது; பையன் ஒருவன் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு, நாளைக்கும் வேண்டுமா என்று அக்கறையோடு கேட்டுவிட்டுப் போனான். தெருமுனையில் மண் குவளைத் தேநீர் 10 ரூபாய். குடிப்பதற்காக அல்லாமல் கையில் பிடித்துக்கொள்வதற்காகவே இரண்டாவது குவளை வாங்கினேன்.

நண்பருக்கு அலுவல் இருந்ததால் தனியே கோல்கர் பார்க்கப் போனேன். 1770ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு, வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் திட்டமிட்டு, கேப்டன் ஜான் கார்ஸ்டின் என்ற பொறியாளர் 1786இல் கட்டி முடித்த தானியக் களஞ்சியம் அது. கவிழ்த்து வைத்த பெரிய சட்டி போன்ற கட்டடம். இந்த மாகாணங்களில் பஞ்சம் என்றென்றைக்கும் வராமல் தடுப்பதற்காக என்று அதில் கல்வெட்டு இருக்கிறது. பனியில் உச்சி தெரியவில்லை, ஆகவே ஏறவில்லை என்பதற்கும் ஒரு காரணம் கிடைத்தது.

அது கட்டி முடிந்து சுமார் 180 ஆண்டுகள் கழித்து இதே பீகாரில் மழை பொய்த்தது. 1967 ஏப்ரலில் அரசே வாய்திறந்து இது பஞ்சம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் நிவாரணக் குழு அமைத்து ஊர் ஊராக அலைந்தார். அந்தக் காலத்தில் நாடே அமெரிக்கக் கோதுமையை நம்பி இருந்தது. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்படி ரூபாயில் விலை கொடுத்து வாங்கிய கோதுமை அது. 1966இல் மட்டும் நாடு இறக்குமதி செய்த தானியம் 1 கோடி டன்னுக்கு மேல். வியட்நாம் போர் பற்றி இந்தியா சொன்னது பிடிக்காமலும், வேளாண்மைக் கொள்கையை மாற்றச் சொல்லி நெருக்குவதற்காகவும், அதிபர் ஜான்சன் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து அளந்து விட்டார். என் பள்ளி நாட்களில் மதியம் போட்ட கோதுமை உப்புமாவும் பால்பவுடரும் கூட அந்த வழியில் வந்தவைதான். நாங்கள் அதை அமெரிக்கா உப்புமா என்று சொல்லிக் கேலி செய்துகொண்டே இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றோம். பசியோடு இருப்பவன் கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஆனால் தில்லியில் இருந்தவர்கள் பார்த்தார்கள், நன்றாகவே நினைவு வைத்துக்கொண்டார்கள்.

மாலையில் காந்தி மைதானத்து ஓரம் சூடாக வறுத்த வேர்க்கடலை, பச்சைமிளகாய் உப்போடு, கால் கிலோ 40 ரூபாய். இங்கே அதைச் சீனியா பாதாம் என்கிறார்கள். 2010இல் நிதியமைச்சராக இருந்த பிரணாப் முகர்ஜி, பிரிட்டன் தரும் உதவி நம் வளர்ச்சிச் செலவில் வேர்க்கடலை அளவுதான் என்று பேசியது பிறகு லண்டனில் பெரிய சர்ச்சையானது. 2015உடன் நிறுத்திக்கொள்கிறோம் என்று 2012 நவம்பரில் அவர்கள் அறிவித்தார்கள். அந்தப் பணம் செலவான மாநிலங்களில் பீகாரும் ஒன்று. கணக்குப்படி முகர்ஜி சொன்னது சரி. ஆனால் கடலையை உடைத்துக்கொண்டு நின்றபோது, கால் கிலோ கடலை எவ்வளவு நேரம் வயிற்றைத் தாங்குகிறது என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 11, வியாழன்: ஹாஜிபூர் வழியாக முசாஃபர்பூர்

காந்தி சேது பாலத்தின் நீளம் ஐந்தே முக்கால் கிலோமீட்டர். கங்கை ஒரு துளிகூடத் தெரியவில்லை. ஆற்றைக் கடந்தோம் என்பதை ஓட்டுநர் சொல்லித்தான் நம்பினேன்.

மதியச் சாப்பாடு ஹாஜிபூர் அரசு மருத்துவமனையில். நோயாளியாக அல்ல, அங்கே மகளிர் குழுப் பெண்கள் 2018இலிருந்து நடத்தும் ‘தீதி கீ ரஸோயி’ என்ற உணவகம் இருக்கிறது, அக்காவின் அடுக்களை என்று பொருள். சோறு, பருப்பு, காலிஃபிளவர் உருளைக்கிழங்குக் கறி, அப்பளம், ஒரு கரண்டி சட்னி. 60 ரூபாய் கொடுத்தேன். பருப்பில் நெய் இல்லை, ஆனால் உப்பு சரியாக இருந்தது. மருத்துவமனைச் சாப்பாட்டில் அது சாதாரணம் அல்ல. பரிமாறிய பெண் என் தட்டைப் பார்த்து, தெற்கத்திக்காரர் என்று புரிந்துகொண்டு, ரொட்டியை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

இந்தக் குழுக்களின் கதை சுருக்கமாக இதுதான். ஜீவிகா என்ற திட்டத்தை 2006–07இல் பீகார் அரசு தொடங்கியபோது உலக வங்கி 6.3 கோடி டாலர் கொடுத்தது. நாளந்தா, கயா, முசாஃபர்பூர், மதுபனி, ககடியா, பூர்ணியா என்ற ஆறு மாவட்டங்களில் ஆரம்பம். 2016இல் இன்னொரு 29 கோடி டாலர். கொடுத்தது என்று எழுதுகிறோமே தவிர இரண்டும் கடன்தான், நீண்ட தவணையில் திருப்பிக் கட்ட வேண்டியவை. இன்று மாநிலம் முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் குழுக்களில் இருக்கிறார்கள். அந்த டாலரை இந்தப் பெண்களுக்குப் பங்கு போட்டால் தலைக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் வரும். இந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பணம் மிகச் சிறியது. அப்படியானால் என்னதான் நடந்தது என்பதைத்தான் நாளை பார்க்கப் போகிறேன்.

ஜனவரி 12, வெள்ளி: முசாஃபர்பூர் அருகே ஒரு கிராமம்

நாங்கள் போன வண்டி பனியில் வளைவு தெரியாமல் ஒரு கடுகு வயலுக்குள் முன்சக்கரத்தை இறக்கிவிட்டது. வயல்காரர் வந்து திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வந்தார், மண்வெட்டியோடு வந்து, மூன்று பேரைக் கூப்பிட்டுத் தூக்கிவிட்டார். பணம் நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பூத்திருந்த செடிகள் ஒரு பாய் அகலத்துக்கு நசுங்கிக் கிடந்தன. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, வெட்கத்தில் நாங்களும் பேசவில்லை.

குழுக் கூட்டம் ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், சாக்கு விரித்து. பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நண்பர் என்னை அறிமுகம் செய்தபோது வங்கியில் இருந்தவர் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பேச்சு நின்றது. முக்காடுகள் ஓர் அங்குலம் கீழே இறங்கின. வசூலுக்கு வந்தவன் என்று நினைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்றவர், ஊர் பார்க்க வந்தவர் என்று மாற்றிச் சொன்ன பிறகும், தேநீர் வரும்வரை யாரும் முழுதாக நம்பவில்லை.

பிறகு பாட்டு, அதன்பின் அறிமுகம். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும் என்பது விதி. இன்னாரின் மருமகள், இன்னானின் தாய் என்று அழைக்கப்பட்டே வயதான பெண்கள் தம் பெயரை உரக்கச் சொல்லும்போது இப்போதும் ஒரு கணம் தயங்குவதை நான் கவனித்தேன். பல்லில்லாத ஒரு பாட்டி தன் பெயரைச் சொல்லிவிட்டு, பரீட்சையில் சரியான விடை எழுதிய பிள்ளையைப் போலச் சுற்றிலும் பார்த்தார். அடுத்து சேமிப்பு. வாரத்துக்கு ஆளுக்கு 10 ரூபாய். சேலை முந்தியின் முடிச்சை அவிழ்த்து, ஈரமும் மடிப்புமாக நோட்டு வெளியே வரும். ஒருவர் வாங்கி மடியில் வைத்து நீவுவார். இன்னொருவர் சத்தமாக எண்ணுவார். கணக்கு எழுதும் பெண் குழந்தையை இடுப்பில் இடுக்கியபடியே நீலப் பேனாவால் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றுவார். வாராந்தரக் கூட்டம், வாராந்தரச் சேமிப்பு, தங்களுக்குள் கடன், தவறாத தவணை, முறையான கணக்கு ஆகிய ஐந்தையும் பஞ்சசூத்திரம் என்கிறார்கள். நான் தருமபுரியில் பார்த்தது இதேதான். பீகாரில் இதை ஆரம்பித்தவர்கள் ஆந்திரக் குழுக்களிடமும் கற்றுக்கொண்டார்கள்.

அன்று ஒரு பெண் 3,000 ரூபாய் கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டதும் ஆடு வாங்க என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கணக்கு எழுதும் பெண்ணும் சிரித்துக்கொண்டே ‘ஆடு’ என்று எழுதினார். என்ன வேடிக்கை என்று நண்பரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

உலக வங்கி என்ற பெயரைச் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை, பணம் பாட்னாவிலிருந்து வருகிறது என்றார்கள். ஆனால் வட்டி எல்லோருக்கும் மனப்பாடம். ஊரில் வட்டிக்குக் கொடுக்கும் மகாஜனிடம் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய், ராத்திரியில் கதவைத் தட்டினால் 10. குழுவில் முதலில் 2 ரூபாய், இப்போது 1. குழு வந்த பிறகு மகாஜனும் குறைத்துக்கொண்டாராம். இது இவர்கள் பெருமைக்குச் சொல்வதல்ல. சில கிராமங்களில் திட்டத்தை முன்பாகவும் சிலவற்றில் பிறகும் தொடங்கி, இரண்டையும் ஒப்பிட்டு உலக வங்கியின் ஆய்வாளர்கள் செய்த ஆய்விலும் வெளி வட்டி குறைந்தது தெரிந்தது. குடும்பச் செலவு அந்த அளவுக்கு உயர்ந்ததாகத் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. இந்த இரண்டாவது செய்தியைத் திட்டக்காரர்கள் மேடையில் சொல்வதில்லை, நான் மேலாளராக இருந்தபோதும் சொன்னதில்லை.

கிளம்பும்போது அந்தப் பாட்டியின் மருமகள் கைபேசியை என் காதில் வைத்துவிட்டார். மறுமுனையில் அவர் கணவர், திருப்பூரிலிருந்து. “வணக்கம்ணா. எங்க வீட்ல டீ குடுத்தாங்களா? சக்கரை ஜாஸ்தியா இருக்கும்ணா, அங்க அப்படித்தான்.” சாயப்பட்டறையில் ஆறு வருடமாக வேலை, மாதம் 8,000 ரூபாய் அனுப்புகிறார். பாட்டி சேமிக்கும் பத்து ரூபாயும், மருமகளின் தவணையும், பாதி எழும்பி நிற்கும் செங்கல் சுவரும் எங்கிருந்து வருகின்றன என்பது அந்த இரண்டு நிமிடத்தில் புரிந்தது. இந்த ஊருக்கு வரும் பெரிய அயலுதவி வாஷிங்டனிலிருந்து வரவில்லை, கொங்கு நாட்டிலிருந்து வருகிறது.

ஜனவரி 13, சனி: முசாஃபர்பூர்

காய்ச்சல். கம்பளி இரண்டு, மாத்திரை ஒன்று, வெந்நீர் நிறைய. விடுதிக்காரரின் மனைவி மிளகுத்தூள் போட்ட சத்துக் கூழ் அனுப்பினார், காசு வாங்கவில்லை.

ஜன்னல் வழியே பார்த்ததை மட்டும் எழுதி வைக்கிறேன். எதிர்வீட்டுத் திண்ணையில் காலை ஒன்பது மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார், நான்கு பெண்கள் வந்து பணம் கட்டினார்கள். பதினொன்றுக்கு வேறொரு சட்டை போட்ட வேறோர் இளைஞர், அதே நான்கு பெண்களில் மூவர். நுண்கடன் கம்பெனிகள். நுண்கடன் நிலுவையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டைப் பீகார் 2023இல் முந்திவிட்டது. குழுக்கள் வாரந்தோறும் கூடவும் தவறாமல் கட்டவும் பழக்கிவிட்ட பெண்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள். நாங்கள் உழுது வைத்த நிலத்தில் இவர்கள் விதைக்கிறார்கள் என்று ஒரு பழைய வங்கிக்காரனின் எரிச்சலோடு நினைத்துக்கொண்டேன். காய்ச்சலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜனவரி 14, ஞாயிறு: கயா

பாட்னா வழியாகக் கயா. நிதி ஆயோக் கணக்கில், 2015–16இல் பல பரிமாண வறுமையில் இருந்தவர்கள் பீகாரில் பாதிக்கும் மேல். 2019–21இல் அது மூன்றில் ஒரு பங்காக, 33.76 சதவீதமாக, இறங்கியது. மின்சாரம், கழிப்பறை, சமையல் எரிவாயு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் கணக்கு அது; பெரும்பகுதி மத்திய, மாநில அரசுகள் தம் பணத்தில் செய்தவை. ஆனால் பீகார் அரசு சாதிவாரிக் கணக்கெடுப்போடு 2023 நவம்பரில் வெளியிட்ட பொருளாதார விவரத்தில், மாதம் 6,000 ரூபாய்க்குள் வாழும் குடும்பங்கள் 34.13 சதவீதம். கழிப்பறை வந்துவிட்டது, விளக்கு எரிகிறது, கையில் மட்டும் காசு இல்லை.

ரமணா சாலையில் தில்குட் இடிக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது. எள்ளும் வெல்லப்பாகும் மரச்சுத்தியலடியில் தட்டையாகும் வாசனைக்கு நின்றுவிட்டேன். கிலோ 360 ரூபாய். சுவைத்துப் பார்க்கவென்று கொடுத்ததே நூறு கிராம் இருக்கும்.

ஜனவரி 15, திங்கள்: கயாவுக்குத் தெற்கே

சங்கராந்தி. போன வீட்டிலெல்லாம் அவலும் தயிரும் வெல்லமும். மூன்றாவது வீட்டில் உட்காரவே பயமாக இருந்தது.

இந்தப் பக்கம் பாறை நிலம். ஊர் நடுவில் ஒரு கைப்பம்பு, நீண்ட பிடியும் உள்ளே சங்கிலியும் கொண்டது. பிடியை அழுத்திப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இந்தியா மார்க் 2. 1967 பஞ்சத்தின்போது யூனிசெஃப் விமானத்தில் துளைப்பொறிகளைக் கொண்டுவந்து பாறையில் கிணறு தோண்டியது. ஆனால் அந்தக் கிணறுகளுக்கு மேல் வைத்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன, வீட்டுக்கு ஒரு பம்பு என்று செய்ததை ஊரே அடித்தால் தாங்குமா? பிறகு சோலாப்பூர்ப் பட்டறையில் பிறந்த ஒரு வடிவத்தை எடுத்து, யூனிசெஃப் உதவியோடு திருத்தி, 1970களின் நடுவில் கோவைப் பக்கம் சோதித்து, சென்னையில் ஒரு பொதுத்துறை ஆலையில் செய்யத் தொடங்கினார்கள். பின்னர் வெளிநாடுகளுக்கும் அது போனது. ஒரு சிறுமி நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, தள்ளிக்கொள்ளச் சொல்லி, என்னைவிட வேகமாகத் தன் வாளியை நிரப்பிக்கொண்டு போனாள்.

அடுத்து ஒரு சிறு மளிகைக் கடை. நடத்தும் பெண் முன்பு கள் விற்றவர். 2015இல் பாட்னாவில் ஒரு கூட்டத்தில் குழுப் பெண்கள் முதல்வர் நிதீஷ் குமாரிடம் மதுவை நிறுத்தச் சொல்லிக் கேட்டதும், 2016 ஏப்ரலில் தடை வந்ததும் எல்லோரும் அறிந்தது. அதனால் பிழைப்பு இழந்தவர்களுக்கும் பரம ஏழைகளுக்கும் என்று 2018இல் வந்த திட்டத்தில் இவருக்குக் கடன் இல்லாமல் சரக்காகவே கடை வைத்துக் கொடுத்தார்கள், முதல் ஏழு மாதம் கைச்செலவுக்கு மாதம் 1,000 ரூபாய், வாரா வாரம் வந்து கணக்குப் பார்க்க ஓர் ஆள். வங்கதேசத்தில் பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிய முறை இது. மேற்கு வங்கம் உட்பட ஆறு நாடுகளின் இடங்களில் செய்து பார்த்த சோதனை 2015இல் வெளியானது. அதன் பிறகு பீகார் தன் பணத்தில் எடுத்துக்கொண்டது. நாம் ஏழை நாடு என்று எண்ணிக்கொண்டிருக்கும் பக்கத்து நாட்டிலிருந்து வந்த உதவி இது, ஒரு காசு சேராமல்.

கடன் சொல்லி வாங்குவோர் உண்டா என்று கேட்டேன். சுவரைக் காட்டினார். கரியால் கோடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி: பசு, ஏணி, மீசை. அவருக்கு எழுத்து தெரியாது. மீசை வீட்டுக்குக் கோடுகள் அதிகம்.

ஜனவரி 16, செவ்வாய்: தானாபூர்

வண்டி ஐந்து மணி நேரம் தாமதம். நடைமேடை முழுக்கப் பண்டிகை முடித்துத் தெற்கே போகும் இளைஞர்கள், ஆளுக்கொரு தோள்பையும் பிளாஸ்டிக் வாளியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். காட்பாடியில் மாறித் திருப்பூருக்கு, முதல் முறை. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான், ஸ்வெட்டர் வாங்கவில்லையா என்று என் உடைந்த இந்தியில் கேட்டேன். அங்கே குளிராது என்று அண்ணன் சொன்னானாம்.

டிக்கெட்டுக்கும் முதல் மாதச் சாப்பாட்டுக்கும் பணம் எப்படி என்று, பழக்க தோஷம், கேட்டுவிட்டேன். அம்மாவின் குழுவில் எடுத்தது என்றான். வெளியூர் போவதற்கெல்லாம் குழுவில் கொடுக்கிறார்களா?

“நோட்டுல ஆடுன்னு எழுதிருக்கு” என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து தில்குட் ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தான்.